வீட்டு வண்டியில் பாலைமலைப் பூங்காக்கள்: மதுரையிலிருந்து கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 மே மாதம் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில் பன்னிரண்டு நாட்கள் சுற்றிவிட்டு வந்தோம். நான், என் கணவர், மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி என ஐந்து பேர். திரும்பிய நாளிலிருந்து திருநகரில் காலை நடைக்குப் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் நம் ஊரில் பெருகிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எழுதிவைத்துவிட்டேன்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள் நான். அதனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தப் பயணத்தைத் தூரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். உயரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதையே சுற்றி வரும்.

பாலைவனம் என்றால் மணல்தானே? அங்கே மலை எப்படி?

இதை நம் தேனிப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு இந்தப்புறம் கம்பத்தில் காற்று மட்டும்தான் வருகிறது. மழைமறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தைச் சியாரா நெவாடா மலைத்தொடரும் அதற்கடுத்த மலைகளும் வழிமறித்து வாங்கிக்கொள்வதால், அவற்றின் மறுபக்கம் வறண்டு கிடக்கிறது.

கலிபோர்னியாவின் டெத் வேலி பூங்காவில் பேட்வாட்டர் என்ற உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. அதே பூங்காவில், கண்ணுக்கு எதிரே நிற்கும் டெலஸ்கோப் சிகரத்தின் உயரம் 3,368 மீட்டர். ஒரே இடத்தில் நின்றபடி உப்பையும் மலையுச்சிப் பனியையும் பார்க்கலாம்.

உயரங்களை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டிவைத்திருந்தேன். லாஸ் வேகஸ் சுமார் 600 மீட்டர். யூட்டா மாநிலத்து ஸயன் பூங்காவில் பள்ளத்தாக்கின் தரை 1,200. அதே மாநிலத்துப் பிரைஸ் பூங்காவின் விளிம்பு 2,400 முதல் 2,700 வரை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 2,100, அதாவது நம் கொடைக்கானல் உயரம். கோக்கர்ஸ் வாக்கில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கொலராடோ ஆறு ஓடுகிறது.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் கடைசியும் மே மாதமும், அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவது பேரப்பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு வசதி.

ஆனால் மே மாதம் என்றால் எல்லா இடமும் கதகதப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஸயனில் மதியம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. மறுநாள் இரவு பிரைஸ் அருகே, வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு தனியார் முகாமில் தங்கினோம். காலையில் மருமகன் வெளியே போய்ப் பார்த்தபோது, குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் வரும் ஹோஸ் பைப் உறைந்து கம்பு போல விறைத்துக் கிடந்தது. வெயில் ஏறி அது இளகும்வரை காத்திருந்தோம். 2,000 மீட்டருக்கு மேல் தங்கும் இரவுகளில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கம்பளியும் குல்லாவும் மே மாதத்திலும் வேண்டும்.

டெத் வேலியைக் கோடையில் தொடவே தொடாதீர்கள். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் மிக அதிக வெப்பநிலையாக இன்னும் பட்டியலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் கோடை மாதங்களில் அந்தப் பூங்காவுக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியே உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு அது அருமையான இடம்.

எவ்வளவு பெரிய வண்டி எடுப்பது?

சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவனை மனத்தில் வைத்துக்கொண்டு பெரிதாகக் கேட்கிறார்கள். வேண்டாம். மூன்று வகை உண்டு: பஸ் அளவுள்ள ஏ வகை, வேன் அளவுள்ள பி வகை, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகை. நாலைந்து பேருக்குச் சி வகையில் 25 அடிக்குள் போதும்.

மலைச்சாலைகளில் நீளக் கட்டுப்பாடு உண்டு என்பதுதான் காரணம். டெத் வேலியின் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலையில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. டெக்சாஸின் பிக் பெண்ட் பூங்காவில் சிசோஸ் மலைக்கு ஏறும் பாதைக்கு 24 அடிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமில் 30 அடிதான் எல்லை. பெரிய வண்டி எடுத்தவர்கள் பார்க்கிங்கிலேயே பொழுதைக் கழிப்பதைப் பார்த்தோம்.

எந்த வழி? எத்தனை நாள்?

முதல் தடவை போகிறவர்களுக்கு லாஸ் வேகஸில் வண்டியை எடுத்து, ஸயன், பிரைஸ், பேஜ் என்ற ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, மறுபடி லாஸ் வேகஸ் என்ற வட்டம் நல்லது. சாலைத் தூரம் ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு மூன்று நடை போவதைவிடச் சற்று அதிகம். இதை ஆறு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பத்து நாளுக்குக் குறையக் கூடாது. எங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருந்ததால்தான் பேத்தி ஒரே பாறையடியில் ஒரு முழு மாலை உட்கார்ந்து படம் வரைய முடிந்தது.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். மதுரையிலிருந்து கிளம்பி, மாறி மாறி ஏறி இறங்கிப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். ஓர் இரவு ஓட்டலில் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் எடுங்கள். முதல் நாள் ஓட்டம் 200, 250 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

படிப்படியாக ஏறுவது உடம்புக்கு நல்லது என்பதால், 1,200 மீட்டரில் இருக்கும் ஸயனில் இரண்டு மூன்று இரவு தங்கிய பிறகு பிரைஸுக்குப் போகும்படி வழியை அமைத்தோம். என் கணவருக்கு வயது அறுபத்தெட்டு. தலைவலியோ மூச்சுத் திணறலோ வரவில்லை.

எரிபொருள் எவ்வளவு ஆகும்?

லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்து 1,600 கிலோமீட்டர் என்றால் 400 லிட்டர். அங்கே காலன் கணக்கு. ஒரு காலன் 3.8 லிட்டர். ஊர்களுக்கு இடையே பங்க் இல்லாத நீண்ட வெறுஞ்சாலைகள் உண்டு. பாதித் தொட்டி ஆனதும் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு இத்தனை மைல் என்ற வரம்பு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இத்தனை டாலர் என்ற கட்டணம் இரண்டையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் கூடிவிட்டது என்கிறார்களே?

உண்மைதான். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. ஸயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்படப் பதினோரு பூங்காக்களில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் 100 டாலர் தர வேண்டும். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். அதை வாங்கினால் இந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. நான் சொன்ன வட்டத்தில் மூன்று பூங்காக்கள் அந்தப் பட்டியலில் இருப்பதால், சீட்டு வாங்குவதே லாபம்.

முகாம் இடங்களை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஸயனின் வாட்ச்மேன் முகாமும் கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமும் ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும். தீபாவளி ரயில் டிக்கெட் போல நிமிடங்களில் தீரும். மே மாதப் பயணத்துக்கு நவம்பரில் உட்கார வேண்டும். மேதரில் மின் இணைப்பு கிடையாது. மின்சாரமும் தண்ணீரும் வண்டிக்கே வர வேண்டும் என்றால் அருகிலுள்ள டிரெய்லர் வில்லேஜைப் பாருங்கள்.

நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

செல்லும். ஆனாலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்பார்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல்களோடு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இந்த அளவு வண்டிக்குக் கனரக லைசென்ஸ் தேவையில்லை.

மலைப்பாதையில் அவ்வளவு பெரிய வண்டியை நாம் ஓட்ட முடியுமா?

மலையடிவாரத்துக் காட்ரோடு ஊரிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்கிப் பழகியவரால் முடியும். அங்கே சாலைகள் அகலம், கொண்டை ஊசி வளைவுகள் குறைவு. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: வலதுபக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் பழகிவிடும். பங்கிலிருந்து வெளியே வரும்போதும், ஆளில்லாத சந்திப்பில் திரும்பும்போதும்தான் கை தானாக இடதுபக்கம் போகும். அதனால் முன்சீட்டில் இருக்கிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது ஓரம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் அது பேத்தியின் வேலை. பன்னிரண்டு நாளும் தவறாமல் சொன்னாள்.

இறக்கத்தில் நம் ஊர் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லும் விதிதான்: ஏறுகிற கியரிலேயே இறங்கு. தானியங்கி கியர் வண்டி என்பதால் பலர் இதை மறந்து, பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஐந்தாறு டன் எடை. பிரேக் சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. கியர்க் கம்பியில் உள்ள, பாரம் இழுக்கும் நிலைக்கான (டோ/ஹால்) பொத்தானை அழுத்தி, தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூடானால் ஏசியை அணைத்துவிடுங்கள். சில ஏற்றங்களின் அடியில் அப்படிப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே அடுப்பு இருக்கிறதே, போகிற போக்கில் காபி போடலாமே என்று என் வயதுப் பெண்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். கூடவே கூடாது. காபி வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு நின்று குடிக்கும் காபிக்கு ஈடில்லை.

ஸயன் சுரங்கப்பாதையில் வண்டி நுழையுமா?

ஸயனிலிருந்து பிரைஸ் போகும் நேர்வழியில் 1.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது. 1930-இல் முடிந்தது, அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. கூரை வளைவாக இருப்பதால் பெரிய வண்டி நடுவில்தான் போக முடியும். நாங்கள் போனபோது 15 டாலர் கட்டி அனுமதி வாங்கினோம். எதிர்ப்புறப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு எங்களை விட்டார்கள். 2026 ஜூன் முதல் 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டும் வண்டிகளுக்கு அந்த வழி கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள். சி வகை வண்டிகள் பெரும்பாலும் அகலத்திலேயே சிக்கிவிடும். ஆகவே ஹரிக்கேன் என்ற ஊர் வழியாக 59-ஆம் எண் சாலையைப் பிடித்து, ஃப்ரெடோனியா, கனாப் வழியே சுற்றிப் போங்கள். சுமார் 260 கிலோமீட்டர். நான் சொன்ன மொத்தத் தூரத்தில் இதையும் சேர்த்திருக்கிறேன். ஸயன் பள்ளத்தாக்குக்குள் பூங்காவின் பஸ்ஸே ஓடுகிறது, அது ஓடும் பருவத்தில் சொந்த வண்டி அங்கே போக முடியாது.

தண்ணீர் போதுமா?

எங்கள் வண்டித் தொட்டி 150 லிட்டர். எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்த நாட்கள் நினைவிருக்கிறவர்களுக்கு இது பத்துக் குடம் என்று சொன்னால் போதும். ஐந்து பேருக்கு, இரண்டு நாளைக்குப் பத்துக் குடம். குளியலுக்கு ஷவரைத் திறந்து நனைந்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது என்று வைத்துக்கொண்டோம். பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினோம்.

குடிநீர் தனிக் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், வண்டியில் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குப் போகிறவர்கள் இதை இரட்டிப்பாக்குங்கள். அங்கே பெரும்பாலான முகாம்களில் தண்ணீர்க் குழாயே கிடையாது.

கழிவறைத் தொட்டியை யார் சுத்தம் செய்வது?

நீங்கள்தான். இதற்கு அங்கே ஆள் கிடையாது, இருக்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்று கழிவறையுடையது, மற்றது குளித்த, பாத்திரம் கழுவிய நீர். முகாமில் இதற்கென்று தரையில் மூடி போட்ட குழி இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, பெருங்குழாயின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைக் குழியிலும் திருகிப் பொருத்த வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டியின் திறப்பை இழுங்கள். அது முழுக்க வடிந்ததும் மற்றதை இழுங்கள். அந்தச் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறக் கூடாது. பதினைந்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் முறை வைத்துச் செய்தோம், என் கணவரும் செய்தார், நானும் செய்தேன். வண்டியை ஒப்படைத்தவர்கள் இதை ஒரு நிமிடத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் விடாதீர்கள், செய்துகாட்டச் சொல்லி, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு என்ன கொண்டுபோவது?

குக்கர். வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள். 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். மிக்சி கொண்டுபோகாதீர்கள்: நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120.

சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல் எல்லாம் கொண்டுபோகலாம். விமான நிலையத்தில் கேட்கும் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதன் வழியே பரவுவதால் தடை செய்திருக்கிறார்கள்.

மகள் வீட்டிலேயே அரைத்த மாவை வண்டிக் குளிர்பெட்டியில் கொண்டுபோனோம். ஸயனில் காலையில் எடுத்து வெளியே வைத்த பாத்திரம், மதியம் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்தது. பிரைஸில் அதே மாவு இரவெல்லாம் அசையாமல் கிடந்தது. காலையில் வெங்காயமும் மிளகாய்வற்றலும் போட்டு ரொட்டி போலத் தட்டிச் சாப்பிட்டோம்.

மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் ஒன்றும் செய்யாதுதானே?

இந்தத் துணிச்சல்தான் ஆபத்து. நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கை செய்கிறது. அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது. வியர்வை தோலுக்கு வந்ததுமே ஆவியாகிவிடுகிறது. வியர்க்கவே இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், மாலையில் தலை சுற்றும். தாகம் வரும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை குடியுங்கள், கூடவே உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். உதடும் மூக்கின் உட்புறமும் வெடிக்கும், வாசலின் போதும். இதய நோய் உள்ளவர்கள் பிரைஸ் உயரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகவே வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் தார் போட்ட சமமான நடைபாதை உண்டு. கீழே இறங்கும் பாதையில் மட்டும் ஆசைப்பட்டு அதிகம் போய்விடாதீர்கள். வழக்கமான மலையேற்றத்தில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில்.

மழையே இல்லாத ஊரில் வெள்ளம் வருமா?

வரும். அதுதான் அங்கே மிகவும் அஞ்ச வேண்டியது. வருசநாட்டு மலையில் பெய்த மழைக்கு மதுரையில் வைகை கரைபுரள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே வானம் தெளிவாக இருக்கும், ஆற்றில் செந்நீர் வரும். அங்கே பாறை மழைநீரை உறிஞ்சாது, பள்ளத்தாக்கு சில இடங்களில் ஆளகலம்தான். எங்கோ பெய்த மழை நிமிடங்களில் சுவராக வந்து நிற்கும். 2015 செப்டம்பரில் ஸயனின் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேரும் அப்படித்தான் மாண்டார்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை அந்தப் பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு. ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் நடக்கும் எண்ணம் இருந்தால், அன்று காலை பூங்கா அலுவலகத்தில் வெள்ள எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் குச்சியும் இலையும் மிதந்து வந்தாலும், படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா? நேரக் குழப்பம் உண்டா?

பூங்காக்களுக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. வரைபடங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும்.

நேரம் கொஞ்சம் குழப்பும். மே மாதத்தில் யூட்டாவின் நேரம், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவின் நேரத்தைவிட ஒரு மணிநேரம் முன்னால் இருக்கும். கிராண்ட் கேன்யன் இருக்கும் அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் நெவாடா நேரமே அங்கும். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ மக்களின் ஆட்சிப் பகுதியில் மாற்றுகிறார்கள். அந்தப் பகுதியில் முன்பதிவு செய்திருந்தால் எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரவில் என்ன செய்வது? டிவி இருக்குமா?

வெளியே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்துப் பயணத் தேதி வைத்தால், பிரைஸில் பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

என் கணவர் முதல் இரவு துருவ நட்சத்திரத்தைத் தேடி வடக்கே அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரை பத்தாவது அட்சரேகையை ஒட்டி இருப்பதால் நமக்கு அது பத்து டிகிரி உயரத்தில், மரங்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். அங்கே 37 டிகிரி உயரத்தில் நின்றது. கையை நீட்டிப் பேத்திக்கு முஷ்டியால் அளந்து காட்டினேன்: முஷ்டிக்குப் பத்து டிகிரி, நாலு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. நம் தெற்கு வானத்து அகத்திய நட்சத்திரத்தை அந்த ஊரிலிருந்து காண்பது அரிது. குளிர்காலத்தில்கூட அடிவானக் கோட்டைத் தொட்டுவிட்டுப் போய்விடும். வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த பாடம் இது. உருண்டையான பூமியின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அன்றுதான் என் கழுத்து உணர்ந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது?

இரண்டு கழிவுத் தொட்டிகளும் காலியாக, எரிபொருள் வண்டி எடுத்தபோது இருந்த அளவுக்கு, சமையல் கேஸ் நிரப்பி, உள்ளே கூட்டிப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். கடைசி இரவை நகரத்துக்கு அருகே, கழிவுக் குழி உள்ள முகாமில் வைத்துக்கொண்டால் காலையில் அவசரம் இல்லை. எடுத்த அன்று வண்டியின் நான்கு பக்கமும், கூரை ஓரமும், கண்ணாடியும் படம் எடுத்து வைத்திருந்தீர்களானால், ஒப்படைக்கும் இடத்தில் பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்கும்போது எடுத்துக் காட்டலாம். எங்களிடம் கேட்டார்கள்; காட்டினோம்; விட்டுவிட்டார்கள்.